ஹீட்டர் அடுப்பும் என் சுவிட்ச் வேலையும்

சிவந்த கம்பிச்சுருளில் குழம்பு ஒரு சொட்டு சிந்தினால் போதும்... அந்தத் தீய்ந்த வாடை வீடு முழுக்க நிற்கும். தாராவியில் எங்களுடையது ஒரே ரூம். வாடை போக வேறு இடம் கிடையாது.

இன்று காலை நம்ம ஸ்கூல் குரூப்பில் உங்களில் யாரோ அந்த ஹீட்டர் அடுப்பு போட்டோவைப் போட்டு, "அது ஒரு பொற்காலம்" என்று எழுதியிருந்தீர்கள். ஆளாளுக்கு ஹார்ட் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னய்யா பொற்காலம்?

ஸ்டவ் வைத்தால் சுவர் கறுத்துவிடும் என்று ரூம் ஓனர் அண்ணாச்சியே மாட்டிக் கொடுத்த அடுப்பு அது. கம்பி அறுந்து அறுந்து, முறுக்கி முறுக்கி, அடுப்புத் தட்டின் பள்ளத்தைவிட்டு எழும்பி நிற்கும். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்ததோ அடி உருண்ட அலுமினியச் சட்டி. நேராகப் போய்க் கம்பிமேல் உட்காரும். தொட்டால் ஷாக்.

"கம்பிய மாத்திக் குடுங்க அண்ணாச்சி" என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

"இதுமேல நின்னு ஆக்கு தாயி, ஒண்ணும் செய்யாது."

அவ்வளவுதான் அவர் செய்த ரிப்பேர்!

அதனால் கிண்டும்போதெல்லாம் கரண்ட்டை நிறுத்த வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் நிற்பது என் வேலை. "ஏட்டி, அமத்து" என்பாள் அம்மா, அணைப்பேன். கிண்டிவிட்டு "போடு" என்பாள், போடுவேன். ஹோம்வொர்க்கெல்லாம் அங்கே நின்றபடிதான்.

ஒருநாள் அம்மா கிண்டிக்கொண்டிருந்தாள். அணைத்துத்தான் இருக்கிறதே என்று பலகையைவிட்டு இறங்கி வெறுங்காலோடு நின்றிருந்தாள். அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"அடுப்பு சரியில்ல, சரியில்லங்கியே... எங்க, பாப்போம்!"

என் தலைக்கு மேலே கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

அம்மா தூக்கியெறிந்த மாதிரி விழுந்தாள். கொதிக்கிற குழம்பு அவள் கைமேல்.

அந்த மனுஷன் அப்போது என்ன சொன்னார் தெரியுமா? "அடி தட்டையா ஒரு சட்டி வாங்கக் கூடாதா தாயி?"

சட்டிமேல் பழி! உருண்ட சட்டி ஆகாதுதான், சரி. அதைக் குடிவந்த அன்றே சொன்னால் என்ன? கம்பியை மாற்றினால் என்ன? பாவி.

இப்போது செம்பூரில் என் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. அடி தட்டையான பாத்திரங்கள், சூடேறாத கைப்பிடி, எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். இது ஷாக் அடிக்காது என்று அம்மாவிடம் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

நேற்று சாம்பாரைக் கிண்ட வந்தவள், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தழும்பு விழுந்த அந்தக் கை பாத்திரத்துக்குள் போக மறுத்தது.

"ஏட்டி... அமத்திட்டியா?"

ஓடிப்போய் அணைத்தேன்.

"அமத்திட்டேம்மா. கிண்டு."

பொற்காலமாம்... முதலில் அந்த போட்டோவை எடுங்கள்.