பெண் பார்க்கப் போன ப்ளூஸ்

போன சனிக்கிழமை என் மச்சினன் பீட்டர் பெங்களூரிலிருந்து பாலக்கோட்டுக்கு வந்து இறங்கினான். பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, தோளில் கிட்டார். வந்த காரியம் பெண் பார்ப்பது. வந்ததும் ஆரம்பித்த காரியம் என்னைத் திருத்துவது!

ஆபீஸ் போகும் முன் நான் கொஞ்சம் கிட்டார் பழகுவேன். மாதா கோவில் பாடற்குழுவுக்காக. நாலே கார்டு, அதாவது நாலு ஸ்வரக்கூட்டு. அவற்றை மொத்தமாக அடிக்காமல், ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மீட்டுவேன். ஆர்ப்பெஜியோ என்று பெயர். அன்று காலையும் பழகினேன்; பீட்டர் பல் விளக்கியபடியே கேட்டான்.

“மாமா, இது என்னா டைப்ரைட்டிங் பரீட்சையா? ஃபீலே இல்லீங்க. ப்ளூஸ் வேணும், ப்ளூஸ்!”

பருத்திக் காட்டில் முதுகொடிந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து வந்த சங்கீதம் அது என்று படித்திருக்கிறேன். பீட்டருக்கு இதுவரை வந்த பெரிய கஷ்டம்... ஓசூர் பஸ்ஸில் சீட் கிடைக்காதது.

“ஏழாவது ஸ்வரத்தைக் கொஞ்சம் இறக்கிக் கார்டுல சேத்துக்குங்க. மூணாவது வர்றப்போ கம்பிய லேசா வளைங்க. அவ்ளோதான் மாமா!”

சொன்னது தப்பில்லை. செய்துகாட்டிய விதம்தான்! கண்ணை மூடினான், உதட்டைக் கடித்தான், ஆடினான்.

“மாப்ள, வளைக்காம ஒருதரம் வாசியேன்.”

“அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு மாமா.”

மறுநாள் பூசை முடிந்து நானும் பீட்டரும் கம்பைநல்லூர் போனோம். பெண் ரெஜினா பள்ளிக்கூட டீச்சர். அவர்கள் ஊர்க் கோவிலில் அவள்தான் கிட்டார். அது தெரிந்ததிலிருந்து பீட்டருக்குக் கால் தரையில் இல்லை. நான் எவ்வளவு தடுத்தும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

மிக்சர் வந்தது. காபி வந்தது. யாரும் கேட்காமலே ப்ளூஸும் வந்தது. பெண்ணின் அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் செய்யுதுங்களா?”

“இல்லீங்க... ஃபீல்.”

“டாக்டரு பக்கத்துத் தெருவுலதானுங்க இருக்காரு.”

ரெஜினா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த வளைக்கற எடம் நல்லாருக்குதுங்க. நான் ஒரு பாட்டு பாடறேன். நீங்க மொதல்ல சும்மா ஆர்ப்பெஜியோ வாசிங்க. ஸி, ஏ மைனர், எஃப், ஜி, நாலே கார்டுதாங்க. அப்புறமா அந்த வளைவைச் சேத்துப் பாக்கலாங்களா?”

பெண் பார்க்க வந்தவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? அவள் பாடினாள். நல்ல குரல். ஸி வந்தது. ஏ மைனர் வந்தது. எஃப்பில் விரல் வழுக்கியது, கம்பி கரகரத்தது. அவள் நிறுத்தி, பொறுமையாக மறுபடி பாடினாள். அதே எஃப். அதே கரகரப்பு. பீட்டர் சட்டென்று ஒரு கம்பியை வளைத்து இளித்தான்.

“இது ப்ளூஸ் ஸ்டைலுங்க.”

“வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க, பரவால்லீங்க. எனக்கும் எஃப் வர ரொம்ப நாளாச்சு.”

தப்பிக்க அவளே கதவைத் திறந்துவிட்டாள். நம் ஆள் என்ன செய்தான்?

“பெங்களூர்ல இப்படி யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கெல்லாம் இது புரியாதுங்க.”

ரெஜினா எழுந்தாள். காபி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

வீடு திரும்பியதும் பீட்டர் கிட்டாரை மூலையில் சாய்த்தான். “பொண்ணு எப்படிடா?” என்று என் மனைவி கேட்டதற்கு, “நல்லா பாடுச்சுக்கா” என்றான். அவனுக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது — கொஞ்ச நேரம்.

ஆனால் ஒன்று... கவிதை எழுதும் முன் தாடி வளர்ப்பவர், பேசக் கற்கும் முன் மேடைக்குத் துண்டு வாங்குபவர் — நம் ஊரில் இவர்களுக்கா பஞ்சம்? சாதம் வேகும் முன்பே தாளிப்பு வாசனை கிளம்பிவிடுகிறது!

புதன்கிழமை பெண்ணின் அப்பா நேரிலேயே வந்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, இந்த எடம் வேணாங்குது பொண்ணு. வாசிக்கத் தெரியாததுக்கு இல்லீங்களாம். நாளைக்கு வூட்டுல ஒரு தப்பு நடந்தாலும், ‘உனக்குப் புரியாது’ன்னுதானே சொல்லுவாருங்குது எம் பொண்ணு.”

வாசல்வரை வந்து வழியனுப்பினேன்.

‘தெரியாது’ என்று சொல்ல எந்தக் கார்டும் பிடிக்க வேண்டியதில்லையே ஐயா!