பாண்டிசெல்வி செய்த தமிழாக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் பாண்டிசெல்விக்கு இங்கிலீஷ் காகிதத்தைத் தமிழாக்குவது கைவந்த வேலை. புருஷன் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்கும் மகன் காளிராஜுக்கும் சோறு போட்டது. குண்டர் சட்டத்தில் உள்ளே போனவர்களின் காகிதங்களும் வரும். 'குண்டா' என்று இருக்கும் இடத்தில் 'குண்டர்' என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். யார் பெற்ற பிள்ளையோ என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது; நாமும் பேப்பரில் படித்துவிட்டு டீயைக் குடிக்கத்தானே செய்கிறோம்.

காளிராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு லோடு வண்டி ஓட்டினான். கோபக்காரன். கேட்டில் வண்டி நிறுத்தும் தகராறில் ஒருவனின் கையை உடைத்துவிட்டான். உடைத்தது உடைத்ததுதான், பெற்றவளே மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கல் அடிதடி ஒன்றையும் தூசி தட்டிச் சேர்த்து, அவனைக் குண்டாஸில் போட்டார்கள். ஒரு வருஷம் உள்ளே இருக்க வேண்டும்.

சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான்.

"யம்மா, என்னைய ஏன் உள்ள வச்சிருக்காகன்னு பெரிய கட்டாக் காகிதம் குடுத்துருக்காக. பதினோரு பக்கம் வெறும் இங்கிலீஷ். குண்டான்னா என்னம்மா? நான் அப்படியாப்பட்டவனா?"

அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பினாள். கடையைச் சாத்திவிட்டு அகராதிகளோடு உட்கார்ந்தாள். இந்தியில் அது அடித்து மிரட்டியே பிழைக்கிறவனைச் சொல்லும் தெருச்சொல். இந்திக்கு எங்கிருந்து வந்ததென்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் கல்கத்தாவில் வெள்ளைக்காரன் அதை அப்படியே எடுத்துத் தன் சட்டத்தில் வைத்தான். ரவுடியைச் சொல்ல அவன் பாஷையில் வார்த்தைக்கா பஞ்சம்? வசையாக இருந்தவரை அந்தச் சொல் யாரையும் கட்டிப்போடவில்லை, சட்டத்தில் ஏறியதும் கட்டிப்போட்டது. வெள்ளைக்காரன் போயும் சொல் போகவில்லை. நம்மூர்ச் சட்டத்தில் அதற்குப் பொருள், குற்றத்தை வழக்கமாகச் செய்பவன்.

அந்த 'வழக்கமாக' என்ற இடத்தில் அவள் அழுதாள். பிறகு அத்தனையையும் எழுதி, பதினோரு பக்கத்தையும் வரி விடாமல் தமிழாக்கி, மகனுக்குச் சேர்த்தாள். அவன் ஆசையாகப் படித்துத் தன் கைப்படவே சர்க்காருக்கு மனு எழுதினான். 'நான் வழக்கமாகக் குற்றம் செய்கிறவன் அல்ல, பொங்கல் அடிதடியில் வெறும் சிராய்ப்புதான், முப்பத்தேழாம் பக்கத்து டாக்டர் சர்டிபிகேட்டைப் பாருங்கள்' என்று அந்த இங்கிலீஷ் பக்கத்தின் எண்ணோடு எழுதினான். அவர்கள் தள்ளிவிட்டார்கள்.

அந்த வாரம் வக்கீல் பெலிக்ஸ் சிரித்த முகமாகக் கடைக்கு வந்தார். காளிராஜை வெளியே விடச் சொல்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டிருப்பவர் அவர்தான்.

"யக்கா, கவலைய விடுங்க. பதினோரு பக்கத்துக்குத் தமிழ் குடுக்காம விட்டுட்டாக. புரியாத பாஷையில குடுத்தா அவன் எப்படி மறுப்பு எழுதுவான்? இது ஒண்ணு போதும், உத்தரவு ரத்தாயிரும்."

பாண்டிசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரார் பிள்ளைகளுக்காக இதே வாதத்தை அவள் எத்தனையோ முறை தட்டிக் கொடுத்திருக்கிறாள். சொந்தப் பிள்ளை என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

"சார், அதை நாந்தான் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். அவன் மனுவுல பக்க நம்பரோட எழுதிட்டான்."

பெலிக்ஸ் கையிலிருந்த கேஸ் கட்டை மேசையில் வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லக்கா."

அரசு வக்கீல் அந்த மனுவைத்தான் கோர்ட்டில் நீட்டினார். எல்லாம் புரிந்துதான் எழுதியிருக்கிறார், தமிழ் கொடுக்காததால் இவருக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வழக்குத் தள்ளுபடியானது. அதே மாதம் நாலு கொலைக் கேஸ் உள்ள ஒருவன் அதே வாதத்தில் வெளியே வந்தான். அவனுக்கு உட்கார்ந்து தமிழாக்கித் தர யாருமில்லை.

அடுத்த முறை அவள் சிறைக்குப் பார்க்கப் போனபோது காளிராஜ் சேதியைக் கேட்டுக்கொண்டான். எதனால் தோற்றதென்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"போனாப் போகுதும்மா. எங்கூட வைகுண்டராஜ்னு ஒருத்தன் இருக்கான். அவன் கட்டுலயும் பாதி இங்கிலீஷ். எனக்கு எழுதுன மாதிரி அவனுக்கும் எழுதிக் குடும்மா. பாவம், ஒண்ணுமே புரியாம முழிக்கான்."

"மாட்டேன்யா" என்றாள் பாண்டிசெல்வி. "அவன் புரியாமலே இருக்கட்டும். அவனாவது வீட்டுக்குப் போகட்டும்."