என் இடத்தில் மெர்சி

முழுமண்டியிலிருந்து எழ முடியாமல் போன நாள் ஒரு சனிக்கிழமை. பூண்டுலோயாவில் எங்கள் நடனப் பள்ளி நடக்கும் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில், பதினான்கு பிள்ளைகளுக்கு முன்னால், முழங்கால்களை இரு பக்கமும் விரித்துக் குதிகாலில் உட்காரும் அந்த நிலையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். வலது தொடை இடுக்கில் ஆணி இறங்கியதுபோல் ஒரு வலி. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித்தான் எழுந்தேன்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் மெர்சி. பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்துக்குத் தாளம் தட்டுபவள் அவள். கையிலிருந்த தட்டுக்கழி அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்ல. தரை வழுக்குது."

தரை வழுக்கவில்லை. அது நான் சொன்ன முதல் பொய். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். இடுப்பு வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் அதை மறைக்க ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வேலை போய்விடும், வீட்டில் பயப்படுவார்கள், செலவாகும். என் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் உட்கார்ந்தால் மெர்சி எழுந்து நிற்பாள். அதுதான் காரணம்.

பள்ளியை நாங்கள் இருவரும் சேர்ந்தே தொடங்கினோம். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. மெர்சி நோட்டன் பிரிட்ஜிலிருந்து கல்யாணமாகி வந்தவள், டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள். கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் இலவசமாகப் பரதம் சொல்லிக்கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். அவளும் நடனம் கற்றவள்தான். ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் ஒரு டீச்சரிடம் ஏழு வருடம் படித்து, பரீட்சைக்குப் போகாமல் நின்றவள். அதனால் நான் ஆடிக் காட்டுவது, அவள் பாடித் தாளம் போடுவது என்று முதல் நாளே முடிவானது. முடிவு செய்தது நான். அவள் சரி என்றாள்.

பத்து வருடங்களில் ஒன்றைக் கவனித்திருந்தேன். பிள்ளைகளுக்கு என் மேல் மரியாதை. அவள் மேல் ஆசை. மழைக்காலத்தில் கால்களில் அட்டைக்கடியோடு வரும் பிள்ளைகள் நேரே அவளிடம்தான் போவார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே துடைத்து விடுவாள். பனி இறங்கும் மாதங்களில் சுவெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது என் சட்டம். நான் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள், "சூடு ஏறுற வரைக்கும் போட்டுக்கங்கடி" என்று சொல்லியிருப்பாள். நான் திட்டுவேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எட்டு மாதமும் காலையில் ஒன்று, வகுப்புக்கு முன் ஒன்று என்று வலி மாத்திரை போட்டேன். வலி சில நாள் தொடை இடுக்கில் இருக்கும், சில நாள் முழங்காலில் இருக்கும். முழங்கால் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். (இடுப்பு மூட்டின் நோய் முழங்காலில் வலியாகத் தெரிவது வழக்கமாம். எனக்கு அப்போது தெரியாது.) கடைசியில் பஸ் படியில் வலது காலைத் தூக்கி வைக்க முடியாமல் நான் நின்றதைப் பார்த்து, என் கணவர் செல்வராஜ்தான் கண்டிக்குக் கூட்டிப்போனார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்கிறார். அதிகம் பேச மாட்டார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். ஏவிஎன் (தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு இரத்தம் போவது குறைந்து, அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய்). காரணம் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். வெகுகாலம் நான் மூச்சு இழுப்புக்கு எடுத்த ஸ்டீராய்ட் மாத்திரைகளாக இருக்கலாம்.

"வலி எப்போ தொடங்கிச்சு?" என்று கேட்டார்.

"எட்டு மாசம்."

பேனாவை மேசையில் வைத்தார். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா எலும்புல சின்னதா துளை போட்டுப் பாத்திருக்கலாம். சில பேருக்கு அது உதவும். இப்போ பந்து உடைஞ்சு தட்டையாயிடுச்சு. மூட்டையே மாத்தணும்."

"டான்ஸ்?" என்றேன்.

"நடக்கலாம், படி ஏறலாம். தரையில குந்துறத மறந்துடுங்க."

வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்துச் செல்வராஜ் முதுகைத் தடவினார். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. எங்கள் பிள்ளைகள் ஆட இருந்த மாகாண நடனப் போட்டிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பிள்ளைகளோடு இனி மெர்சி போவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். போட்டிக்கு எட்டுப் பிள்ளைகள் ஆடும் ஜதிஸ்வரத்தின் கடைசி அடவுக் கோர்வையை நான்தான் அமைத்திருந்தேன். பாதிதான் பழக்கியிருந்தேன். மீதியை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

"அந்தக் கடைசிப் பகுதிய எழுதி வச்சிருக்கீங்களாக்கா? குடுத்தா நான் பழக்கிருவேன்."

கொப்பி அலமாரியில், அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"எழுதலையே மெர்சி. எல்லாம் தலைக்குள்ளதான் இருக்கு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரிங்கக்கா. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்று தோடம்பழப் பையை வைத்துவிட்டுப் போனாள்.

சத்திர சிகிச்சை நன்றாக முடிந்தது. செத்த எலும்பை வெட்டி எடுத்து, உலோகத் தண்டும் பந்தும் கிண்ணமும் பொருத்தினார்கள். மறுநாளே நிற்க வைத்தார்கள். எட்டு மாத வலி போயிருந்தது. தையல் வலி மட்டும் இருந்தது. பிசியோதெரபி மிஸ் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். இடுப்பை மடித்துக் குனியக்கூடாது, காலைக் குறுக்கே போடக்கூடாது, தாழ்வாக உட்காரக்கூடாது. மூன்று மாதத்துக்கு. செல்வராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் துளை போட்டுக் கழிவறையில் வைத்தார். தலையணையைக் கால்களுக்கு நடுவே வைத்துத் தூங்கினேன்.

ஆறாவது வாரம் போட்டி நடந்தது. மெர்சி மூன்று முறை அழைத்தாள், நான் எடுக்கவில்லை. பிறகு வீடியோ அனுப்பினாள். அதைப் பார்க்கக்கூடாது என்று ஒரு நாள் பூராவும் இருந்தேன். மறுநாள் செல்வராஜ் வேலைக்குப் போனதும் பார்த்தேன்.

கடைசிக் கோர்வை என்னுடையதாக இல்லை. மெர்சியே ஒன்றை அமைத்திருந்தாள். எளிமையானது. என்னுடையதில் இருந்த கணக்குகள் எதுவும் அதில் இல்லை. ஆனால் எட்டுப் பிள்ளைகளும் ஒரே பிள்ளை போல ஆடினார்கள். முன்வரிசையில் தர்ஷிகா நின்றாள். முழங்காலைப் பாதி மடித்து நிற்கும் அரைமண்டி இவளுக்கு வரவே வராது என்று நான் மூன்று வருடமாகப் பின்வரிசையில் நிறுத்தி வைத்த பிள்ளை. முழங்கால்கள் அழகாக விரிந்து, முதுகு நேராக, அவள் சிரித்தபடி இருந்தாள். என்னிடம் ஆடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் இடம் கிடைத்திருந்தது. நான் கூட்டிப்போன வருடங்களில் நாங்கள் இடம் எதுவும் எடுத்ததில்லை.

பொறாமை நெஞ்சில் வரும் என்பார்கள். எனக்கு அது வயிற்றில் வந்தது, புளித்த பால் குடித்ததுபோல. அந்த வீடியோவை ஐந்து முறை பார்த்தேன். ஐந்தாவது முறை எழுந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினேன். டாக்டர் சொன்னதெல்லாம் மற்றவர்களுக்கு என்று தோன்றியது. மேடையிலிருந்து கையை எடுத்தேன்.

சமநிலை தவறியது. கால் உள்பக்கமாகத் திரும்பி மடங்கியது. உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. விழுந்து கிடந்து பார்த்தபோது வலது கால் குட்டையாகி, பாதம் உள்ளே திரும்பியிருந்தது. (செயற்கைப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடுவது. மூட்டு விலகல் என்பார்கள்.)

கைபேசி சட்டைப் பையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. செல்வராஜை அழைத்தேன். தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குக் கடிதம் கொண்டு போயிருந்தார், அங்கே சிக்னல் கிடையாது. அடுத்து இருந்த எண், மூன்று முறை நான் எடுக்காமல் விட்ட எண். வலி தாங்க முடியாமல் போகும் வரை அதை அழுத்தவில்லை. பிறகு அழுத்தினேன்.

மெர்சி கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் அவளும் ஏறிக்கொண்டாள். நுவரெலியா போகும் வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் என் கால் அசையாமல் தலையணையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எப்படிக்கா விழுந்தீங்க?"

"மண்டி போட்டுப் பாத்தேன்."

"ஏன்?"

"வீடியோ பாத்தேன்." பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "அந்தக் கோர்வைய எழுதி வச்சிருந்தேன் மெர்சி. கொப்பி வீட்டுலதான் இருந்துச்சு. உனக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன்."

"தெரியும். நீங்க கொப்பியில எழுதுறத எத்தனை தடவ பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். "கேட்டு என்ன? புள்ளைங்க ரெண்டு வாரம் அழுதுச்சுங்க, டீச்சர் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. எனக்கு அந்தக் கோவம் இன்னும் போகல. மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்காக நான் ஏறி வரல. கால் வெளங்காமப் போயிரக் கூடாதேன்னு வந்தேன்." அடுத்த வளைவு முடிந்ததும் சொன்னாள். "நான் மட்டும் என்ன? பத்து வருஷமா உங்க காலடியில உக்காந்து கட்டையத் தட்டினேன். ஒரு நாளாச்சும் இவங்களுக்குக் காய்ச்சல் வராதான்னு நெனச்சிருக்கேன். வந்தது இப்படின்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் சோறு எறங்கல."

நான் அவள் கையைப் பிடித்தேன். "கைய எடுங்கக்கா, தலைகாணி நழுவுது" என்றாள்.

மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி வைத்தார்கள். மீண்டும் அறுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் விலகிய மூட்டு மறுபடி விலகலாம் என்றார்கள். மூன்று மாதக் கட்டுப்பாடு முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியது. இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வலி வந்தவுடன் போய்க் காட்டுங்கள். புது மூட்டு வைத்த பிறகு சொன்ன நாள் வரை சொன்னபடி இருங்கள். யாரைப் பார்த்தாவது வயிறு எரிந்தால், அது எரியும்போது எழுந்து நிற்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே கொப்பியைச் செல்வராஜிடம் கொடுத்து அனுப்பினேன். மெர்சி அதைப் படித்துவிட்டு, "இது புள்ளைங்களுக்கு ரொம்பக் கஷ்டம்க்கா, பெரிய கிளாஸ் வந்ததும் பாப்போம்" என்று சொல்லியனுப்பினாள். அதற்கும் எரிந்தது.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. மெர்சி ஆடிக் காட்டுகிறாள். நான் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மடிப்பலகையில் கட்டையை வைத்துத் தாளம் போடுகிறேன். இங்கிருந்து பார்த்தால் பிள்ளைகளின் முகம் தெரிகிறது. ஆடிக் காட்டிய காலத்தில் நான் கால்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். தர்ஷிகா சில நாள் என்னைப் பார்த்தும் சிரிக்கிறாள். மெர்சியைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு இல்லை. அதை நான் இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வலது கால் என்னுடையதாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. குளிர் அதிகமான காலைகளில் அது எனக்குப் பின்னால் எழுகிறது. சாலையிலிருந்து மண்டபத்துக்கு முப்பத்தெட்டுப் படிகள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு மற்றது, பிறகு கைத்தடி. முன்பு ஒரே மூச்சில் ஓடிய இடத்துக்கு இப்போது பத்து நிமிடம் ஆகிறது. பிள்ளைகள் "குட் மோர்னிங் டீச்சர்" என்று இரு பக்கமும் தாண்டி ஓடுகிறார்கள்.

எனக்காக வகுப்பைக் காக்க வைக்க வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதனால் பாதிப் படியில் இருக்கும்போதே மேலே மெர்சியின் குரல் தொடங்கிவிடும், சீமெந்துத் தரையில் பாதங்கள் விழத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் இல்லாமல் தொடங்கிவிட்டது என்று கொஞ்சம் வலிக்கிறது. மூச்சு சீராகும் வரை அந்த வலியோடு நின்று கேட்கிறேன். பிறகு நல்ல காலை எடுத்து அடுத்த படியில் வைக்கிறேன்.