காட்டுக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி

கனடாவிலிருந்து மன்னாருக்கு வந்த மருமகன் எங்களை வில்பத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனார். சிறுத்தை எங்கே, முதலை எந்தக் குளத்தில் என்றெல்லாம் போனில் பார்த்துத் திட்டம் போட்டிருந்தார். எனக்கு நீரிழிவு என்பதும் அவருக்குத் தெரியும்.

காட்டுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாதாம். எனக்கோ ஒன்றுக்கு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் வாய்விட்டுச் சொன்னேன்.

"கொஞ்சம் அடக்குங்கோ மாமி. கரடி வாற நேரம்," என்றார்.

"கரடி வர முந்தி எனக்கு வந்திடும் தம்பி. நிப்பாட்டுங்கோ."

ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அது பாலைப்பழக் காலம். எழும்பிச் சேலையைச் சரிசெய்யும்போது டிரைவர் மெதுவாக, "அம்மா, மேல பாக்காதேங்கோ. ஓடாமல் நடந்து வாங்கோ," என்றார். என் தலைக்கு மேலே கரடி பழம் தின்றுகொண்டிருந்தது. நடந்தே வந்து ஜீப்பில் ஏறினேன்.

மருமகன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "மாமியாலதான் கரடியைக் கண்டனாங்கள்," என்று சிரித்தார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெண்களைக் கூட்டிப்போகிறவர் சிறுத்தையைத் தேடுமுன் கழிப்பறையைத் தேட வேண்டும். இப்போது யார் பயணம் கூப்பிட்டாலும், எங்கே இறங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன கிழமை மருமகன் வங்காலைக்குப் பறவை பார்க்கக் கூப்பிட்டார். கேட்டேன். அப்போதுதான் போனை எடுத்துத் தேடினார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.