கயிற்றில் ஓடிய ஜீப்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி இருந்தது. ஜீப் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அது ஓடாத ஜீப் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையடிக்கும்போது நான் சொல்வதில்லை.

அப்பா அதைப் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து கொண்டுவந்தார். யாருடைய தோப்பிலோ புளிய மரத்தடியில் பல மழை பார்த்து நின்ற வண்டி. பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்துவந்தாராம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலை ஏறும், சேற்றில் இறங்கும், ஆற்றைக் கடக்கும் என்று தெருவில் நின்று சொன்னார். காஞ்சிபுரத்தில் ஏறுவதற்கு மலை இல்லை. பாலாற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது. பாலம் வேண்டாம் என்றாலும் பெரும்பாலான நாட்களில் மணலில் நடந்தே போய்விடலாம். தெருக்காரர்கள் இதையெல்லாம் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். அப்பா அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டிராக்டரில் கட்டி இழுத்துவந்த வண்டியை வீட்டின் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தறிதான். பட்டில் புகை ஏறிவிடும் என்பதால், அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பின்புறம் ஒரு தகரத்துக்கு அடியில்தான் சமைத்தாள். மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, மறு கையில் கரண்டி. அந்த வருஷம்தான் அங்கே ஒரு சமையலறை கட்டுவது என்று முடிவாகியிருந்தது. அம்மா தன் கையாலேயே நான்கு மூலைக்கும் முளையடித்து நூல் பிடித்து வைத்திருந்தாள். ஜீப் அந்த நூலை அறுத்துக்கொண்டு போய், நான்கு முளைகளுக்கும் சரியாக நடுவில் நின்றது. சமையலறைக்கென்று சேர்த்த பணம் எங்கே போயிற்று என்று அம்மா கேட்கவில்லை. கண்ணெதிரே நிற்பதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? அன்றோடு அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பேச்சு நின்றதே தவிரத் தறி நிற்கவில்லை. கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து, குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை உடலுக்கு ஓட்டுவது அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிவிடுவது அம்மா. அப்பாவின் கால் மிதியில் அழுந்தும்போதே அம்மாவின் கை தயாராகிவிடும். அவள் அவர் முகத்தைப் பார்த்து வேலை செய்ததே இல்லை, காலைப் பார்த்துத்தான். அதனால் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு பேரும் கல்யாணப் புடவைகளாக நெய்து தள்ளினார்கள். அந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இந்த விஷயம் தெரிய நியாயமில்லை.

தறியை விட்டு எழுந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாய் நான்தான். "சோறு ஆயிடுச்சின்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா அவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். "வரேன்னு சொல்லு" என்பார். நானும் இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிச் சொல்வேன். அந்த வயதில் எனக்கு அது மிகவும் கௌரவமான வேலையாகத் தெரிந்தது.

சாயங்காலம் ஆனால் அப்பா ஜீப்புக்கு அடியில் போய்விடுவார். ஏனாத்தூர் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்த அவருடைய நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எஞ்சினைப் பிரித்தார். எண்ணெய் டின்னில் ஊறிய சாமான்களை அப்பா ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்த அடித்தகட்டை வெட்டிவிட்டுப் புதிதாக வைத்தார்கள். வண்டியைச் சற்று உயர்த்திப் பெரிய டயர் போட்டார்கள். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே மடக்குகிற தார்ப்பாய்க் கூரை. பட்டு நூலில் ஒரு இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்களுக்கு நட்டும் போல்ட்டும் ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய் அப்பிய முகத்தோடு அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். தறியில் உட்கார்ந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்காக வருத்தமாகவும் இருந்தது.

வண்ணம் அடிக்கும்போதுதான் தெருவே கூடியது. ஜீப்புக்கு அரக்கு உடல், கீழே சுற்றிலும் பச்சைக் கரை. "அப்போ முந்தானி எங்கப்பா?" என்று யாரோ கேட்க, அப்பா கோபப்படாமல், பின்னால் மாட்டுகிற ஸ்பேர் டயரின் உறையில் இரண்டு அன்னம் வரைந்துவிட்டார். அம்மா பின்வாசற்படியில் உட்கார்ந்து இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமே பார்க்காதவள், திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். "எடது பக்கம் கரை ஒரு வெரல் கம்மியா இருக்குதுன்னு சொல்லு" என்றாள். நான் போய்ச் சொன்னேன். அப்பா அளந்து பார்த்துவிட்டு, மறுநாளே அந்தப் பக்கத்தை அழித்துத் திரும்ப அடித்தார்.

எனக்குக் கொடுத்த வேலை உப்புத்தாள் போடுவது. டேஷ்போர்டில் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கறுப்புக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்து எண்ணெய் விட்டபடி, இது எதற்கு என்று கேட்டேன்.

"அது கை ஆக்சிலேட்டர்மா. கால்ல மிதிக்காம, இத்த இழுத்து வச்சிக்கினா போதும், வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். அதுக்குத் தனி கேபிள் இருக்குது" என்றார் அப்பா.

அப்பா எஞ்சினைக் கிளப்பிவிட, நான் இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் உறுமியது. வாசற்படியில் இராட்டை ஒரு நிமிஷம் நின்று பிறகு சுற்றியது.

அடுத்து வந்தது மழைக்காலம். தென்னேரியில் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. அம்மா ஒரு பெரிய பையை எடுத்து இரண்டு நாளாக அடுக்கினாள். பையின் ஜிப் போய்விட்டிருந்ததால் தறிக்கயிறு ஒன்றால் அதை இறுக்கிக் கட்டினாள். வளைகாப்பு முடிந்து கொஞ்ச நாள் தென்னேரியில் இருப்போம் என்று என்னிடம் சொன்னாள். அவள் போனால் திரும்ப மாட்டாள் என்பது தெருவுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தென்னேரியில் பெரிய ஏரி உண்டு, பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதுதான்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் பார்த்து, ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் போகிறது, வாலாஜாபாத்துக்கு அப்பால் பஸ் இல்லை என்று சேதி வந்தது. ஆட்டோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா பையோடு வாசலில் நின்றாள். அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று தெரு கேட்கச் சொன்னவள் அவள். அப்பா ஜீப்பை வெளியே கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தினார். தன்னைவிட்டுப் போகிறவளைத் தானே கொண்டுபோய் விடுவதற்கு அவர் எப்படித் துணிந்தார் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அம்மா ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாலையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் ஜீப் அதில் இறங்கி, யானை மாதிரி நிதானமாக நடந்து, அக்கரையில் ஏறியது. யாரோ கை தட்டினார்கள். அப்பாவின் காது வரைக்கும் சிரிப்பு. சரியாக அந்த மேட்டில் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. அப்பா மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி முணுமுணுத்ததே தவிர நகரவில்லை.

அப்பா பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துபோச்சின்னு உங்கம்மாகிட்ட சொல்லு. கயிறு ஒண்ணு இருந்தா கட்டி ஓட்டலாம். ஆனா ஒருத்தரு இழுக்கணும், ஒருத்தரு ஓட்டணும்."

நான் சொன்னேன். அம்மா பின்னால் பார்த்தாள், ஓடுகிற தண்ணீர். முன்னால் பார்த்தாள், ஆளில்லாத சாலை. பிறகு பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து நீட்டினாள். பை வாய் பிளந்து, என் பள்ளிக்கூடச் சீருடையும் கணக்குப் புத்தகமும் வெளியே சரிந்தன. வளைகாப்புக்குக் கணக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டேன். "மடியில வச்சிக்கோ" என்றாள்.

அப்பா கயிற்றின் ஒரு முனையை எஞ்சினில் கட்டி, மறு முனையை பானெட் இடுக்கு வழியாக அம்மாவின் கைக்குக் கொண்டுவந்தார். அவர் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும்போது இவள் தளர்த்த வேண்டும். அவர் காலை எடுக்க எடுக்க இவள் இழுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் வண்டி துள்ளும், பிந்தினால் அணைந்துவிடும். இதை அப்பா என் மூலமாக விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அம்மா ஏற்கெனவே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பி, தென்னேரி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. பெரியம்மா எங்கள் பையை வாங்கி உள் அறையில் வைத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்று அப்பா கிளம்பி நின்றார். கயிற்றுக்கு ஆள் வேண்டுமே என்று பெரியம்மா தன் மகனை ஏற்றிவிட்டாள். காலேஜ் படிக்கிற அண்ணன். அவன் ஒரு இழுப்பு இழுத்தான். ஜீப் தவளை மாதிரி தாவி, வாழைமரத் தோரணத்தில் முட்டி அணைந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி தாவியது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே ஒருவன் புடவையின் கரையைக் குதறுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

"எழுந்திருப்பா நீ" என்றாள்.

"நீ எங்கடி போற?" என்றாள் பெரியம்மா.

"தனியா எப்பிடிப் போவாரு? இட்டுகினு போயி வுட்டுட்டு காத்தால வந்துடறேன்கா."

நானும் கணக்குப் புத்தகத்தோடு ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரியம்மா ஒரு ஒயர் கூடையில் புளிசாதமும் தேங்காய் சாதமும் வைத்து நீட்டினாள். காலடியில் ஈரம், மடியில் கயிறு. கூடையை எங்கே வைப்பது என்று பார்த்த அம்மா, அந்தக் கறுப்புக் குமிழில் அதன் காதை மாட்டினாள்.

"இதுல மாட்டினா ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. முகம் நேராக அப்பாவைப் பார்த்திருந்தது.

அப்பா கூடையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஒண்ணியும் ஆவாது. அது ஒண்ணுத்துக்கும் ஒதவாத குமிழு. சும்மா இருக்குது" என்றார்.

"இல்லப்பா, நீதானே சொன்ன, அது கை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ பேசாம ஒக்காரு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

காலையில் அம்மா தென்னேரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த காலையிலும் போகவில்லை. மழை விட்ட பிறகு அந்த அண்ணன் பஸ்ஸில் எங்கள் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஜீப் தெருவுக்கு வந்தது, முளைகள் இருந்த இடத்தில் மெல்லச் சமையலறை எழும்பியது. கேபிளை மட்டும் அப்பா மாற்றவே இல்லை. பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பதில்லை என்பார். நான் பெரியவளாகும் வரை அந்த ஜீப் கயிற்றில்தான் ஓடியது. எங்கே போனாலும் அம்மா பக்கத்தில் இருந்தாள், குமிழில் கூடை தொங்கியது.

அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அப்பாவுக்கு இந்த வயதிலேயே இப்படி மறதி வந்துவிட்டதே. வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் மறந்துபோயிற்றே. நான் ஒருத்திதான் அந்தக் குமிழ் எதற்கென்று ஞாபகம் வைத்திருந்தேன். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் உடனே சொல்லலாம் என்று வீடு வரும்வரை காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.