கிணற்றுப் படம்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு ஒரு காலத்தில் பேய் பிடித்திருந்தது என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. போன மாதம் கல்யாணப் பந்தியில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, அது நிஜமா என்று சின்னவன் வந்து கேட்டான். உங்கள் அம்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் அப்போது வாய் வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், எழுத்து முன்னே பின்னேதான் இருக்கும். ஆனாலும் நடந்ததை நீங்கள் ஊர்வாயில் கேட்பதைவிட என்னிடம் கேட்பது நல்லது.

பெரியவள் பிறந்த வருஷம் அது. அதற்கு முந்தின வருஷமே மழை ஏமாற்றிவிட்டது. வேப்பந்தட்டைப் பக்கம் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரியக் கிடந்தன. இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்று ஆள் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். நான் கிணறு வெட்டுகிற செட்டில் இருந்தேன். கயிற்றைப் பிடித்து இறங்கி, பாறையில் குழி போட்டு வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் மேலே அனுப்புகிற வேலை. எங்கள் செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிணற்றில் நடந்ததை வீட்டில் பேசக் கூடாது. பேசினால் கிணறும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் நானும் இன்னொருவரும் உள்ளே இருக்கும்போது பக்கவாட்டு மண் சரிந்தது. நான் மேலே வந்தேன். அவர் வரவில்லை. உங்கள் அம்மா அப்போது நிறைமாசம். 'உள்ளே இருந்த ரெண்டு பேரில் ஒருத்தன் போயிட்டான்' என்ற செய்தி மட்டும் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த ஒருத்தன் என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய நான் வீட்டுக்குள் நுழைகிற வரை அவள் நிலைப்படியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள். நான் குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய காரியம் முடிந்த பிறகு வேறொரு கிணற்றுக்கு வேலைக்குப் போனேன்.

பெரியவள் பிறந்தாள். அதற்குப் பிறகு உங்கள் அம்மாவின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. தூக்கம் போனது. குழந்தை வீறிட்டு அழுதாலும் மடியில் எடுத்துப் போட்டால்தான் உண்டு, அவளாகக் கை நீட்ட மாட்டாள். ஒரு விடியற்காலை பாயில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினால், சோளக்கொல்லைக் கிணற்று ஓரத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் இடுப்பைக் கட்டி இழுத்தேன். திமிறவும் இல்லை, அழவும் இல்லை.

பாடாலூரில் வாழ்க்கைப்பட்ட உங்கள் பெரியம்மா அன்றைக்கே வந்து இறங்கினார். இது பேய்தான், ஒரு கோயில் பூசாரியிடம் கூட்டிப்போவது என்று அவர் முடிவே செய்துவிட்டார். அந்த இடம் எனக்குத் தெரியும். காலில் சங்கிலி போட்டு மரத்தில் கட்டுவார்கள், வேப்பிலையால் அடிப்பார்கள். கைக்குழந்தையை உள்ளே விட மாட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெரம்பலூர் டாக்டர் ஒருவர், அரியலூரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கே மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கத் தெரிந்த நர்சம்மா இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். பெரியம்மாவிடம் கெஞ்சினேன்.

"சரி தம்பி, உங்க திருப்திக்குப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேச்சு வரலன்னா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக வேன் வந்துரும். அப்பறம் நீங்க குறுக்க நிக்கக் கூடாது" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தூங்கினாள். பேச்சு மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் நர்சம்மா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். டப்பாவுக்குள் படங்கள். காலண்டரிலும் வாரப் பத்திரிகையிலும் வெட்டி, துணிக்கடை அட்டைப்பெட்டியில் ஒட்டி அவரே செய்தவை. சாத்திய கதவு, மணலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, சந்தைக் கூட்டம், கவிழ்ந்த கூடை, மழையில் நிற்கும் மாடு. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார்.

"கிளி இல்லாத ஜோசியமா நர்சம்மா?" என்றார் பெரியம்மா.

"கிளி உங்க தங்கச்சிதான்க்கா. ஜோசியம் சொல்றதும் அவங்கதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஜோசியக்காரனுக்கே தெரியாத ஜோசியத்த இப்பத்தான் பாக்கறேன்."

நர்சம்மா சிரித்தார். பிறகு உங்கள் அம்மாவிடம், "மனசுக்குப் பட்டத எடும்மா. நல்லது கெட்டதுன்னு எதுவும் கெடையாது. பேசலன்னாலும் பரவால்ல" என்றார்.

உங்கள் அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். ஒரு கிணறு, உருளை, அதில் தொங்குகிற கயிறு. ஆள் யாரும் இல்லை. நர்சம்மா வாய் திறப்பதற்குள் குழந்தை வீறிட்டது, வேறு வார்டிலிருந்து அவரையும் கூப்பிட்டார்கள். டப்பா இங்கேயே இருக்கட்டும், மத்தியானம் வருகிறேன் என்று போனார். பெரியம்மா மளமளவென்று படங்களை வாரி டப்பாவில் போட்டு மூடினார்.

மத்தியானம் நர்சம்மா வந்து மறுபடி பரப்பினார். உங்கள் அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசிவரை தள்ளிவிட்டு முதலிலிருந்து பார்த்தாள். டப்பாவைக் கவிழ்த்து அடியைத் தட்டினாள். தலையணையைப் புரட்டினாள். அவள் அப்படி எதையும் தேடி நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எங்க அது?" என்றாள்.

அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"அண்ணி, எடுத்தீங்களா?" என்றேன்.

"ஆமா, எடுத்தேன். இவ எந்த எடத்துல போயி நின்னான்னு தெரியும்ல ஒங்களுக்கு? அந்தப் படத்தயே இவ கையில குடுக்கணுமா? கிளியே கெட்ட சீட்ட எடுத்தா உள்ள வச்சுட்டு வேற எடுக்கச் சொல்லுவோம். இவ எங்கூடப் பொறந்தவ தம்பி."

அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே, கொல்லைப்பக்கம், ஆஸ்பத்திரிக் கிணறு இருந்தது. நர்சம்மாவும் அதைப் பார்த்தார். தன் ஸ்டூலைத் தூக்கி வாசற்படியை மறித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடுக்கலாமா நர்சம்மா?" என்றேன்.

"தேடறாங்க. தேடறத ஒளிச்சு வச்சா நம்மள நம்ப மாட்டாங்க. குடுத்தா என்ன ஆகும்னு கேட்டா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இத்தன பேர் கூட இருக்கறப்ப பாக்கறது நல்லது."

நான் கையை நீட்டினேன். பெரியம்மா அழுதுகொண்டே குழந்தையின் துணிப்பையைக் காட்டினார். துண்டுகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து உங்கள் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள்.

"என்னம்மா தெரியுது?" நர்சம்மா மெதுவாகக் கேட்டார்.

"கயிறு ஆடுது."

"ஆடுதா?"

"உள்ள ஆளு இருக்கு. அதான் ஆடுது."

அட்டையில் ஒட்டின படம் அது. அதில் கயிறு நேராகத்தான் தொங்கியது.

"அவரு என்ன பண்றாரு?"

"தெரியல. நானும் கூப்புடறேன். கொரலே குடுக்க மாட்டேங்கறாரு."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"யாரும்மா அது?"

உங்கள் அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையைக் காட்டினாள். "இவருதான். அன்னிக்கி வூட்டுக்கு வந்தாரு, சோறு தின்னாரு, படுத்தாரு. மேல ஏறி வரவே இல்ல."

"அன்னிக்கி அந்தச் சோளக்கொல்லைக் கெணத்துக்கு..." நர்சம்மா முடிக்கவில்லை.

"எட்டிப் பாக்கத்தான் போனேன். வுழுவறதுக்குப் போவல. இவரு உள்ள இருக்காரான்னு பாத்தேன். அதுக்குள்ள வந்து இழுத்துட்டாரு."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை மட்டும் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"அவரு மேல வரணும்னா என்னம்மா பண்ணணும்?"

"கொரல் குடுக்கணும்."

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மண் சரிந்தது, நான் அவரைக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொல்லத்தான் நினைத்தேன். கடைசியில், "நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

"அதான் தெரியுதே" என்றாள்.

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலமே மறுபடி சுருண்டு படுத்துக்கொண்டாள். ஆனால் இருட்டுகிற நேரத்தில் பெரியவள் அழுதபோது யாரும் சொல்லாமல் கையை நீட்டினாள். அதைப் பார்த்த பிறகு வேன் வேண்டாம் என்று பெரியம்மாவே ஆள் அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று பூசாரியிடம் ஒரு கயிறு வாங்கிவரச் சொல்லி மணிக்கட்டில் கட்டியும்விட்டார். நர்சம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

மறுநாள் மாற்றுத்துணி எடுத்துவர நான் மட்டும் ஊருக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது நர்சம்மா, "ஒரேயடியா எல்லாத்தையும் சொல்லணும்னு இல்லீங்க. கொஞ்சமா ஆரம்பிங்க" என்றார். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். வெயில் ஏறியிருந்தது, ரோட்டில் ஆள் நடமாட்டமில்லை. கடலை பிடுங்கிப்போட்ட கொல்லை ஒன்றில் நடுவரைக்கும் நடந்து போய் நின்றேன். உங்கள் அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, அவளிடம் சொல்லப்போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அன்னிக்கி மொதல்ல எறங்கினது நான்தான். அவரு எனக்குப் பின்னாடி எறங்கினாரு."

அதற்குமேல் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.