பதினோரு மாதத்துக்கு வாசலறை

செம்பூரில் அப்பா கட்டிய வீட்டில் இரண்டே அறைகள். வாசலறையை வாடகைக்கு விட்டால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலை. ஆனால் பம்பாயில் குடிவந்தவர்கள் லேசில் காலி செய்யமாட்டார்கள் என்ற பயம் அப்பாவுக்கு இருந்தது. இந்த விஷயங்களில் கரை கண்ட ஆபீஸ் நண்பர் ஒருவர் அவருக்கு வழி சொன்னார். பத்திரத்தில் வாடகை என்ற சொல்லே வரக்கூடாது. பதினோரு மாதத்துக்குமேல் எழுதக்கூடாது. முக்கியமாக, அப்பாவின் பீரோ ஒன்று அந்த அறையிலேயே இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை அவரே போய் அதைத் திறக்கவேண்டும். அப்போதுதான் அறை அவர் கையைவிட்டுப் போகவில்லை என்று கோர்ட் ஒப்புக்கொள்ளுமாம்.

அப்படித்தான் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் புது மனைவியோடு குடிவந்தார். அவருக்குக் குர்லாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை. அந்த அக்காவுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒன்பது வயதுக்காரியான எனக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அறைதான் கதி.

ஞாயிறு காலையில் காபி குடித்ததும் அப்பா அவர்கள் கதவுக்கு வெளியே நின்று இருமுவார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து நிற்பாள். அப்பா உள்ளே போய், பீரோவைத் திறந்து, அதிலிருந்த ஒரே சட்டையை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்துப் பூட்டிவிட்டு வருவார். வரும்போது முகம் திருடப் போனவர் முகம்போல இருக்கும்.

"சட்டையக் குடுத்தா நான் தொவச்சுத் தாரேன் மாமி. உள்ளேயே கெடந்து வாடை அடிக்குமே" என்றாள் அக்கா ஒருநாள். அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவர்கள் குடிவந்த பத்தாவது மாதம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மழை கொட்டிய ஒரு ஞாயிறு, சிசுவை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு அவள் சாரலில் நின்றாள்.

"ஒரு வாரம் திறக்கலேன்னா கோர்ட்டா வந்து எட்டிப் பாக்கப் போறது?" என்று அம்மா சீறினாள்.

"இத்தனை மாசம் பண்ணியாச்சு. இப்ப விட்டா அத்தனையும் வீண்" என்றார் அப்பா. ஆனால் அன்று சட்டையை அவர் உதறவில்லை. போன வேகத்தில் திரும்பிவிட்டார்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கைக்குழந்தைக்காரியை எப்படி வெளியே போகச் சொல்வது? சொன்னாலும் போவார்களா? அந்த ஞாயிறு அவர் தொண்டையைச் செருமுவதற்குள் கதவு திறந்தது. அண்ணன் நின்றிருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தாராவியில ஒரு ரூம் கெடச்சிருக்கு. சின்னதுதான், ஆனா நம்மளோடது. புதன்கெழம மாறிக்கிடுதோம்."

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பெரிய மனதோடு, "அவசரம் ஒண்ணுமில்லே, இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் இருந்துட்டுப் போங்கோ" என்றார். அன்று மத்தியானம் ரசம் சாதத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை கைவண்டி வந்தது. நான் காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தேன். தாராவி அறைக்கு ஜன்னல் கிடையாது, தண்ணீருக்குத் தெருக்குழாயில் வரிசையில் நிற்கவேண்டும் என்றெல்லாம் அம்மா ஏற்கெனவே வருத்தப்பட்டிருந்தாள். அதனால் அக்காவும் அழுவாள், சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தேன். அவளோ குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பாத்திர மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள். தெருவே கேட்கும்படி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தபோது நான் அசைக்கவில்லை. ஜன்னலும் குழாயும் உள்ள எங்கள் வீட்டைவிட்டுப் போகிறவள் எதற்காக அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.